கேபிளை நிறுத்தினால் வீட்டுக்குள் தமிழ் எந்த வழியாக வரும்?

கேள்வி: சிங்கப்பூர், தெம்பனிஸில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கேபிள் டிவி ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. அப்பாவுக்கு 76 வயது. செய்தி, பழைய படம், வானொலி. அம்மாவுக்கு 71; சீரியல்தான் எல்லாம். மகள் தொடக்கநிலை 4. “எல்லாமே ஆப்பில் வருகிறதே, கேபிள் எதற்கு?” என்கிறார் கணவர். நிறுத்திவிடலாமா? எதை வாங்க வேண்டும், எங்கே சிக்கல் வரும்?

பதில்:

நிறுத்தலாம். செலவும் அநேகமாகக் குறையும். ஆனால் உங்கள் கணவர் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. கேபிளில் நிகழ்ச்சி தானாக வந்துகொண்டிருந்தது. ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் அம்மாவுக்குச் சீரியல். அதே சீரியலை ஆப்பில் பார்க்கக் கணக்கு வேண்டும், கடவுச்சொல் வேண்டும், ‘யார் பார்க்கிறீர்கள்’ என்று கேட்கும் திரையைத் தாண்ட வேண்டும், தேட வேண்டும், எந்த எபிசோடில் விட்டோம் என்று நினைவு வைத்திருக்க வேண்டும். உங்களுக்கு அரை நிமிட வேலை. அம்மாவுக்கு அதுவே டிவியை விட்டுவிடக் காரணமாகலாம். அதனால் எந்த ஆப்பை வாங்கலாம் என்று தொடங்காதீர்கள். வீட்டில் யார், எப்போது, எதைப் பார்க்கிறார் என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அமையுங்கள்.

முதலில் ஆண்டெனா. பலர் இதைப் பழங்காலச் சாமான் என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தம் இலவசம். பார்க்கக் கேபிளும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிவந்த டிவி உரிமக் கட்டணம்கூட 2011இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அனலாக் ஒளிபரப்பு 2018 கடைசி நாளோடு முடிந்தது. இப்போது டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் சேனல் 5, சேனல் 8, சேனல் யூ, சூரியா, வசந்தம், சிஎன்ஏ ஆகிய ஆறும் காற்றில் வருகின்றன. கேபிள் சந்தா இருக்கும்வரை வசந்தமும் அதே பெட்டியிலேயே வருவதால், அதுவும் சந்தாவில் ஒரு பகுதி என்று பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று இரவு 8.30 மணிச் செய்திக்கு அப்பா உட்காரும்போதுதான் விஷயம் தெரியவரும்.

சுவரில் பழைய கேபிள் பாயிண்ட் இருக்கிறதே, அதில் செருகினால் வராதா என்று கேட்பீர்கள். முன்பு வந்தது. கேபிள் டிவி நிறுவனமான ஸ்டார்ஹப் தன் பழைய கேபிள் கம்பி வலையமைப்பை 2019 செப்டம்பர் இறுதியில் மூடிவிட்டு ஃபைபருக்கு மாறியது. அதோடு அந்தப் பாயிண்ட்டும் உயிரற்றுப் போனது. இன்று நாம் ‘கேபிள்’ என்று சொல்வதும் ஃபைபர் இணையத்தில்தான் வருகிறது. பெயர் மட்டும் பழையது. சில கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடிகளில்) கட்டடத்துக்கே பொது ஆண்டெனா உண்டு, அங்கே சுவர்ப் பாயிண்ட்டைச் சோதித்துப் பார்க்கலாம். வீவக வீட்டில் உள்ளே வைக்கும் ஆண்டெனாவே வழி.

வாங்கும் முன் டிவியைப் பாருங்கள். பெட்டியிலோ பின்புறத்திலோ ‘டிடிவி ரெடி’ முத்திரையோ, விவரத்தாளில் டிவிபி-டி2 என்றோ இருந்தால் தனிப் பெட்டி வேண்டாம். அதற்கு முந்தைய டிவி என்றால் ஒரு டிவிபி-டி2 செட்டாப் பெட்டி தேவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டிவியில் டிவிபி-டி மட்டும் இருக்கலாம், கடைசியில் உள்ள அந்த ‘2’ இல்லாவிட்டால் இங்கே படம் வராது. ஆண்டெனா யூஎச்எஃப் வகையாக இருக்க வேண்டும். சிக்னல் பெருக்கி உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதம் விற்கிறார்கள். முதலில் பெருக்கி இல்லாததையே வாங்குங்கள். சிக்னல் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வீட்டில் பெருக்கி போட்டால் ட்யூனர் திணறிப் படம் கட்டம் கட்டமாக உடையும். அதைப் பார்த்துவிட்டுச் சிக்னல் போதவில்லை என்று இன்னும் பெரிய பெருக்கி வாங்குபவர்கள் உண்டு.

வைக்கும் இடம்தான் பாதி வேலை. டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். சன்னல் ஓரம், முடிந்த அளவு உயரம், இரும்புக் கிரில்லிலிருந்து ஓரடியாவது தள்ளி. எல்இடி விளக்கின் மின் அடாப்டர், மலிவான சார்ஜர், ரூட்டர் இவற்றின் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் கலக்கும். பிறகு டிவியின் அமைப்பில் நாடு சிங்கப்பூர், சிக்னல் மூலம் (சோர்ஸ்) ‘ஆண்டெனா’ என்று தேர்ந்து தானியங்கித் தேடலை ஓட்டுங்கள். பலர் இங்கேதான் தவறுவார்கள்: மூலம் ‘கேபிள்’ என்றே கிடக்கும், ஆயிரம் முறை தேடினாலும் ஒன்றும் வராது. ஆறில் சில மட்டும் வந்தால், ஒளிவழிகள் வெவ்வேறு அலைவரிசைகளில் போவதுதான் காரணம். ஆண்டெனாவை ஓரடி நகர்த்தி மறுபடி தேடுங்கள். இந்த வேலை முடிந்தால், டிவியைப் போட்டதும் நேராக வசந்தம் தெரியும்படி வைக்கலாம். பல டிவிகளில் ‘இயங்கும்போது கடைசி மூலம்’ என்பது போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்மார்ட் டிவி ஒவ்வொரு முறையும் விளம்பரப் படங்கள் நிறைந்த முகப்பில் போய் நிற்கும்.

அடுத்தது இணையம். இங்கே தேவைக்கு மேல் செலவழிப்பதே வழக்கம். நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் அளவுப்படி முழு எச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் போதும். அப்பா ஹாலில் 4கே, அம்மா அறையில் எச்டி, மகள் ஐபேடில் எச்டி என்று ஒரே நேரத்தில் பார்த்தாலும் 25 மெகாபிட்தான். உங்களிடம் 500 மெகாபிட்டோ 1 கிகாபிட்டோ ஏற்கெனவே இருக்கும். 10 கிகாபிட் திட்டத்துக்கு ஏறுங்கள் என்று விற்பனையாளர் சொன்னால், டிவிக்காக ஏற வேண்டியதில்லை. பெரும்பாலான டிவிகளின் நெட்வொர்க் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது.

அப்படியும் படம் சுற்றிக்கொண்டே நின்றால் குற்றம் வைஃபையுடையது. சிங்கப்பூர் வீடுகளுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: பாம் ஷெல்ட்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே உள்ள குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை. 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் கம்பி செறிந்த கான்கிரீட் சுவரோடு அது நிற்கிறது. பல புதிய வீவக வீடுகளில் ஃபைபர் வந்து முடியும் முனையும் அதற்குள்ளேயே இருக்கும்; ரூட்டரையும் அங்கேயே வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் அறைகளுக்கு என்ன போய்ச் சேரும்? ஃபைபர் மோடம் உள்ளே இருக்கட்டும், ரூட்டரை வெளியே கொண்டு வாருங்கள். புதிய வீடுகளில் அறைகளுக்கு நெட்வொர்க் கம்பி ஏற்கெனவே இழுத்து வைத்திருப்பார்கள். ஷெல்ட்டருக்குள் உள்ள முனையில் மோடத்தைச் செருகி, ஹாலில் உள்ள முனையில் ரூட்டரைச் செருகினால் முடிந்தது. பழைய வீட்டில் கம்பி இல்லையென்றால் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் இரண்டு துண்டு மெஷ் ரூட்டர் போதும், மூன்று வேண்டாம். டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். சுற்றிலும் அத்தனை வீடுகளின் வைஃபையும் மோதும் அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாலை நேரத்தில் நெரிசலாகிவிடும். பகலில் ஓடும் படம் இரவு ஒன்பது மணிக்கு நிற்பதன் காரணம் பல வீடுகளில் இதுதான்.

இனி டிவியும் கருவியும். ஸ்மார்ட் டிவியின் திரை பத்து ஆண்டு உழைக்கும், அதற்குள் இருக்கும் ஆப்புகள் அத்தனை காலம் உழைக்காது. ஐந்தாறு ஆண்டுகளில் ஆப் நிறுவனங்கள் பழைய மாடலுக்குப் புதுப்பிப்பைக் கைவிட்டுவிடும். திரை நன்றாக இருந்தால் டிவியை மாற்ற வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் கருவி ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது அது முறையாகச் சான்று பெற்றதா என்று பாருங்கள். காரணம் இது: ஆப்புகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். எல்1 நிலை உள்ள கருவிக்கே எச்டியும் 4கே-யும் கொடுப்பார்கள். மலிவான பெட்டிகளில் எல்3தான் இருக்கும், அதில் 480 வரிக்கு மேல் தர மாட்டார்கள். ‘8கே’ என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்தாலும் படம் மங்கலாகத் தெரிவது இதனால்தான். இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. அதுபோல 4கே பார்க்க வேண்டுமென்றால் டிவியின் எச்டிஎம்ஐ துளை எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். சில பழைய 4கே டிவிகளில் நான்கில் ஒரு துளை மட்டும் அப்படி இருக்கும், மற்றதில் செருகினால் கறுப்புத் திரை.

இப்போது அம்மாவின் சீரியல். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாத் தமிழ்ச் சீரியலும் ஒரே ஆப்பில் கிடைக்காது. ஒவ்வொரு டிவி நிறுவனமும் தன் சீரியலைத் தன் ஆப்பிலேயே வைத்திருக்கிறது: சன் டிவியுடையவை சன் நெக்ஸ்டில், ஜீ தமிழுடையவை ஜீ5-இல், விஜய் டிவியுடையவை ஹாட்ஸ்டாரில். அம்மா பார்ப்பது மூன்று டிவிக்கும் பரவியிருந்தால் மூன்று சந்தா. அப்போது கூட்டிப் பாருங்கள், கேபிளின் தமிழ்த் தொகுப்பே மலிவாக வரக்கூடும். பெட்டியில்லாமல் ஆப் வழியாகவே தமிழ்ச் சேனல் தொகுப்பு தரும் திட்டங்களும் இங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் உண்டு; அதையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த பொறி நாடு. ஒரு படத்தின், சீரியலின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. சென்னையில் தம்பி கட்டிய சந்தாவின் கடவுச்சொல்லை வாங்கி இங்கே திறந்தால் பல ஆப்புகளில் ‘உங்கள் வட்டாரத்தில் கிடைக்காது’ என்றுதான் வரும். ஆப் பார்ப்பது எந்த நாட்டு இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பதை; யார் பணம் கட்டினார் என்பதை அல்ல. இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் போட்டுத் தாண்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சந்தா நிபந்தனைக்கு எதிரானது, ஆப்புகள் அந்த முகவரிகளைத் தொடர்ந்து அடைத்துக்கொண்டும் இருக்கின்றன. தினமும் மதியம் பார்க்கும் 71 வயதுக்காரருக்கு அது ஒத்துவராத ஏற்பாடு. டிஸ்னி பிளஸ் வாங்கினால் விஜய் டிவியும் சேர்ந்து வரும் என்று நினைப்பதும் பரவலான தவறு. இந்தியாவில் இரண்டும் ஒன்றாக இருந்தன. சிங்கப்பூரில் ஹாட்ஸ்டார் 2020 நவம்பரில் தனியாகவும், டிஸ்னி பிளஸ் 2021 பிப்ரவரியில் தனியாகவும் வந்தன. எந்தச் சந்தாவானாலும், பணம் கட்டும் முன் ஆப்பைச் சிங்கப்பூர் ஆப் கடையிலிருந்து இறக்கி, அம்மா பார்க்கும் சீரியல்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடி, நேற்றைய எபிசோடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய எபிசோடுகள் இருந்து புதியவை இல்லாமலும் இருக்கும்.

தேடலில் இன்னொரு எரிச்சல். தமிழில் தட்டினால் பல ஆப்புகளில் ஒன்றும் வராது. அவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒருவர் ஒரு ‘ஏ’ போட்டால் இன்னொருவர் இரண்டு போடுவார். குரல் தேடல் சற்று மேல். அதைவிட மேல், முதல் நாளே நீங்கள் தேடி ‘என் பட்டியல்’ என்ற இடத்தில் சேர்த்துவிடுவது. பிறகு அம்மா தேடவே வேண்டாம். அம்மாவுக்குத் தனிப் புரொஃபைல் கட்டாயம். ஒரே புரொஃபைலில் மகளின் கார்ட்டூனும் அப்பாவின் படமும் கலந்தால், பாதியில் விட்ட சீரியல் முகப்பிலிருந்து கீழே கீழே போய்க் காணாமல் போகும்.

ஆப்பில் அம்மாவுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் நேரம். சென்னையில் இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. நேரடியாகப் பார்ப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் மறுநாள் காலை பசியாறிய பிறகு பார்க்கலாம், விளம்பர இடைவேளையும் குறைவு. இந்த ஒன்றைச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைக்க முடியும் என்று நினைக்கிறேன்.

வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் காதைக் குறை சொல்லாதீர்கள். ஆப்பில் வரும் படங்கள் பலவற்றில் ஒலி, ஆறு ஒலிபெருக்கிகளுக்கான 5.1 முறையில் இருக்கும். அதில் வசனம் நடு ஒலிபெருக்கிக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். டிவியில் இருப்பதோ இரண்டே ஒலிபெருக்கி. ஆறையும் இரண்டில் அடைக்கும்போது பின்னணி இசை உயர்ந்து வசனம் அமுங்கும். ஆப்பின் ஒலித்தடப் பட்டியலில் ‘ஸ்டீரியோ’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் டிவியின் ஒலி வெளியீட்டை ‘பிசிஎம்’ ஆக்கி, ‘தெளிவான குரல்’ என்ற முறையை இயக்குங்கள். அதே பட்டியலில் மொழியையும் பாருங்கள். தெலுங்கு, மலையாளப் படங்களுக்குத் தமிழ் ஒலித்தடம் இருந்தும் ஆப் வேறு மொழியில் தொடங்கும். ஒருமுறை மாற்றினால் அந்த புரொஃபைலில் பெரும்பாலும் நினைவு வைத்துக்கொள்ளும்.

அப்பாவுக்கு வேண்டியது குறைவு, அதில் பெரும்பகுதி இலவசம். வசந்தம் ஆண்டெனாவில் வந்துவிடும். தவறவிட்டதை மீவாட்ச் ஆப்பில் பார்க்கலாம். பழைய ‘டாகிள்’தான் 2020 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இருக்கிறது. தமிழ் வானொலியான ஒலி 968-ஐ மீலிசன் ஆப்பில் கேட்க முடியும் என்றாலும், வீட்டில் எஃப்எம் வானொலிப் பெட்டி ஒன்றை வைத்திருங்கள். டேட்டா செலவில்லை, பின்னடைவில்லை, நெருக்கடி நேரத்தில் அதிகாரபூர்வ அறிவிப்பு வரும் வழிகளில் அதுவும் ஒன்று. தமிழ் முரசு 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய நாளிதழ். அச்சிலும் வருகிறது, ஆப்பிலும் வருகிறது. கண் சரியில்லாதவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க ஆப் வசதி. தேசிய நூலக வாரியத்தின் கணக்கைச் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) மூலம் பதிந்துகொண்டால் லிபி ஆப்பில் தமிழ் மின்னூல்களை 21 நாள் இரவல் பெறலாம். பழைய தமிழ் முரசு இதழ்களைத் துழாவ விரும்பினால் வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இருக்கிறது. அப்பா அதில் நுழைந்தால் ஒரு மதியம் போய்விடும்.

நேரடி நிகழ்ச்சியில் ஒரு வேறுபாடு தெரிந்திருக்கட்டும். தேசிய தின அணிவகுப்பு, தீபாவளி நேரடி ஒளிபரப்பு எதுவானாலும் ஆண்டெனாவில் முன்னால் வரும், ஆப்பில் பின்னால் வரும். ஆப்பில் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டு 6 நொடி, படத்தை ஓட்டும் நிரல் வழக்கமாக மூன்று துண்டு பின்னால் தொடங்கும். அங்கேயே 18 நொடி, குறியாக்கும் நேரம் தனி. பக்கத்து வீட்டில் வாணவேடிக்கையைப் பார்த்துக் கைதட்டும்போது உங்கள் திரையில் அது இன்னும் தொடங்கியிருக்காது. இதைச் சரிசெய்யப் பயனர் பக்கம் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது.

மகளுக்கு வருவோம். இங்கே படங்களின் வயதுத் தர அடையாளம் ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21 என்று போகும். குழந்தைகள் புரொஃபைல் போட்டுவிட்டால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களின் புரொஃபைலுக்கும் ரகசிய எண் வையுங்கள். இல்லையென்றால் அவள் அம்மாச்சியின் பெயரைத் தொட்டு உள்ளே போய்விடுவாள். யூடியூபில் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடுவதை நிறுத்திவையுங்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. உலகச் சந்தைக்குப் பரிந்துரை தயாரிக்கும் ஆப்புக்கு இந்தக் கூட்டம் கண்ணிலேயே படாது. தமிழ் என்று தொட்டால் சென்னையில் ஓடுவதைத்தான் முன்னே வைக்கும். எம்ஆர்டி ரயிலும் கோப்பிக்கடையும் வருகிற, நம் பேச்சு வழக்கில் நடிக்கும் உள்ளூர் நாடகம் தானாக உங்கள் மகள் முன் வந்து நிற்காது. வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியாக ஆனபோது, ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே போகையிலாவது பிள்ளைகள் கண்ணில் பட்டது. இப்போது நாம்தான் வழி செய்ய வேண்டும். கருவியின் முகப்பில் மீவாட்சை முதல் இடத்துக்கு நகர்த்திவையுங்கள், உள்ளே வசந்தம் பகுதியைக் காட்டிக்கொடுங்கள். சிறுவர் நிகழ்ச்சிகள் பல இலவசமாகவே கிடக்கின்றன, ஆங்கில வசன வரிகளும் பலவற்றில் உண்டு.

புதுப்படத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான தமிழ்ப் படங்கள் திரையரங்குக்கு வந்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஏதாவதோர் ஆப்புக்கு வந்துவிடுகின்றன. எந்த ஆப் என்பது படத்துக்குப் படம் மாறும். எனவே எல்லாவற்றுக்கும் ஆண்டுச் சந்தா கட்டாமல், மாதச் சந்தாவாக ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவின் சீரியல் ஆப்புக்கு மட்டும் ஆண்டுச் சந்தா லாபம்.

பணம் கட்டும் வழியில் கவனம். ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ஆப்பிள், கூகுள் வழியாகச் சேர்ந்திருந்தால் அங்கேயேதான் ரத்து செய்ய வேண்டும். தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்திருந்தால் அந்த நிறுவனத்திடம். கடன் அட்டையில் நேராகக் கட்டியிருந்தால் ஆப்பின் இணையத்தளத்தில். எதை எந்த வழியில் வாங்கினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இலவச மாதம் எடுத்தால் அன்றே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்புகளில் காலம் முடியும்வரை பார்க்கலாம். வெளிநாட்டு ஆப்புகளுக்கும் 2020 ஜனவரியிலிருந்து பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. உங்கள் வீட்டு நெட்ஃபிளிக்ஸை வேறு வீட்டில் இருக்கும் அக்காவும் பார்க்கிறார் என்றால், 2023இலிருந்து ஒரு கணக்கு ஒரே வீட்டுக்கு என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கூடுதல் ஆளுக்குத் தனிக் கட்டணம்.

‘ஒரே தடவை பணம், ஆயுள் முழுக்க எல்லாச் சேனலும்’ என்று ஒரு பெட்டியை யாராவது கட்டாயம் சொல்வார்கள். வாங்காதீர்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பெட்டியை விற்கும் தனியாளுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் போலிஸ் சோதனையே நடந்தது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. திருட்டு வழங்கியை (சர்வரை) மூடிய அன்றே பெட்டி செத்துவிடும், ‘ஆயுள்’ அத்தனைதான். அதைவிட ஆபத்து, அந்தப் பெட்டிகள் ஆப் கடைக்கு வெளியிலிருந்து ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிரல் கோப்புகளை இறக்கச் சொல்வது. உங்கள் வங்கி ஆப் இருக்கும் அதே வைஃபையில் யார் எழுதியதென்று தெரியாத ஒரு நிரலை ஓடவிடுகிறீர்கள். ‘உங்கள் சந்தா முடிந்துவிட்டது, இந்த இணைப்பில் அட்டை எண்ணைப் போடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தியும் அதே ரகம். அப்பா அம்மாவிடம் சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது.

பெரியவர்களுக்குப் பழக்கிக்கொடுக்க உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் (பெற்ற பிள்ளைகளுக்குப் பொதுவாக இருப்பதில்லை), சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் டிஜிட்டல் தூதர்கள் இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். தமிழ் பேசுபவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு அழைத்துப் போங்கள். வீட்டிலும், ரிமோட்டின் பொத்தான்களில் தேவையானது நான்குதான் இருக்கும்: இயக்கம், முகப்பு, பின்செல்ல, நடுப் பொத்தான். மற்றவற்றின் மேல் டேப் ஒட்டிவிடலாம். டிவியில் எச்டிஎம்ஐ-சிஇசி என்ற அமைப்பை இயக்கிவிட்டால் கருவியின் ஒரே ரிமோட்டில் டிவியையும் அணைக்கலாம், ஒலியையும் கூட்டலாம். மேசையில் மூன்று ரிமோட் கிடக்கும் வீட்டில் எந்த ஆப்பும் உருப்படாது.

கடைசியாக, நிறுத்தும் முறை. ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். முடியும் தேதியை ஆப்பிலோ பில்லிலோ பார்த்து உறுதிசெய்யுங்கள். முன்னால் நிறுத்தினால் மீதி மாதங்களுக்குக் கட்டணம் கேட்பார்கள். டிவியும் இணையமும் ஒரே தொகுப்பு என்றால் டிவியை மட்டும் கழற்றும்போது இணையத்தின் தள்ளுபடியும் போய்விடலாம். அந்தப் புதுத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது, நல்லது. இந்த வாரமே ஆண்டெனாவையும் கருவியையும் மாட்டி, கேபிள் பெட்டியின் மின்சாரத்தை இரண்டு வாரம் பிடுங்கி வையுங்கள். பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு வாரத்தில் அம்மா எத்தனை முறை உங்களைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். முதல் வாரத்தில் தினமும் கூப்பிட்டால் பரவாயில்லை. இரண்டாவது வாரமும் அப்படியே என்றால், தமிழ்த் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுத்துவது என்று முடிவானால் பெட்டி, ரிமோட், அடாப்டர் மூன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடாப்டரை விட்டுவிட்டால் அதற்கும் பணம் பிடிப்பார்கள். பெட்டியில் அம்மா பதிவு செய்து வைத்திருப்பவை அந்தப் பெட்டியோடு பூட்டப்பட்டவை, வேறு எதற்கும் மாற்ற முடியாது. திருப்பிக் கொடுக்கும் தேதிக்கு முன்பே பார்த்து முடிக்கச் சொல்லிவிடுங்கள்.